மஞ்சளுக்கு விழுந்த ஓட்டு

அதிகாரத்தை விட்டுக்கொடு என்று மன்னரிடம் மக்கள் கேட்பதுதான் உலக வழக்கம். பூட்டானில் கதை தலைகீழ். தருகிறேன் என்றார் மன்னர். இப்போது எதற்கு என்று தயங்கினார்கள் மக்களில் பலர்.

நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 2001-இல் அரசியல் சட்டம் எழுதப் பணித்தார். 2006 டிசம்பரில், 51 வயதிலேயே, மகனிடம் அரியணையை ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டார்.

கட்சி பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகாத நாடாயிற்றே! அதனால் 2007-இல் ஒத்திகைத் தேர்தலே நடத்தினார்கள். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நான்கு கற்பனைக் கட்சிகள். வேட்பாளர்கள் யார் தெரியுமா? பள்ளி மாணவர்கள்! 47 தொகுதிகளில் 46 மஞ்சளுக்கே போயின. மஞ்சள், மன்னருக்கு உரிய நிறம்.

நிஜத் தேர்தல் 2008 மார்ச்சில் நடந்தது. ஜூலையில் அரசியல் சட்டம் வந்தது. அதன்படி மன்னருக்கும் 65 வயதில் ஓய்வு. நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் தீர்மானித்து, பொதுவாக்கெடுப்பில் மக்களும் ஒப்புக்கொண்டால், அதற்கு முன்பேகூட மன்னர் முடி துறந்தாக வேண்டும்.