மலையின் முன் ஒரு காகிதம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் செல்லும் பாதையில் சற்று நின்று பாருங்கள். அருகிலுள்ள குன்று பச்சை, அதற்கடுத்தது கருநீலம், கடைசியிலுள்ளது வானோடு கரைந்த வெளிர்நீலம். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதால் விளையும் மாற்றமே இது. இதனை நேரில் அமர்ந்து வரைய விரும்புவோருக்கு அவகாசம் குறைவு. கதிரவன் நகர நகர நிழலும் இடம்பெயரும். ஆகவே நிழல்களை முதலில் குறித்துக்கொள்வது நலம். ஈரக்காற்றிலோ நீர்வண்ணம் எளிதில் உலராது. புகைப்படக் கருவிக்கு இத்தொல்லைகள் இல்லைதான். ஆனால் எதை விடுவது என்று அது அறியாது.

அதனை நன்கறிந்தவர் மதுரை ஓவியர் மனோகர் தேவதாஸ். 1936இல் பிறந்த இவருக்கு விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழல் வழியே நோக்குவது போலாயிற்று. பரந்த காட்சியை ஒரே நோக்கில் காண இயலாதவர், யானைமலையையும் மதுரை வீதிகளையும் நுண்ணிய கறுப்பு மைக்கோடுகளால் வரைந்தார். பட்டைக்கண்ணாடி, கடும் வெளிச்சம் ஆகியவற்றின் துணையோடு, பார்வை கைவிடும்வரை இப்பணி தொடர்ந்தது. 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022இல் காலமானார்.

ஜவ்வாதுக்குச் செல்கையில் குழந்தைகளின் பையில் ஒரு பென்சிலும் சில தாள்களும் வைத்தனுப்புங்கள்; மழைக்காலமாயின் குடையும்.