மனோதத்துவ முடிவுகளை மீண்டும் சோதிக்கும் சங்கம்

நான்கு வயதுக் குழந்தை ஒன்று மேசைமுன் உட்கார்ந்திருக்கிறது. அதன் எதிரே ஓர் இனிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. "நான் திரும்பி வரும்வரை இதைத் தின்னாமல் இருந்தால் உனக்கு இரண்டு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் அறையை விட்டு வெளியே செல்கிறார். சில குழந்தைகள் உடனே தின்றுவிடுகின்றன. சில, கண்ணைப் பொத்திக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் பொறுத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சார்ந்த குழந்தைகள் பள்ளியில், 1960-களின் இறுதியில் வால்டர் மிஷெல் என்னும் பேராசிரியர் தொடங்கிய இப்பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்படாத ஆசிரியர் இன்று அநேகமாக இல்லை எனலாம். பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் பரீட்சைகளில் அதிக மதிப்பெண் பெற்றனர் என்று 1990-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை கூறிற்று. அதிலிருந்து, நான்கு வயதில் காட்டும் பொறுமையே வாழ்க்கையின் வெற்றிக்கு அச்சாரம் என்ற அபிப்பிராயம் உலகெங்கும் பரவிற்று.

அந்த முடிவு எத்தனை குழந்தைகளைக் கொண்டு எடுக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட முக்கியமான பகுதியில் இருந்தவர்கள் 40 பேருக்கும் குறைவு. அவர்களும் பெரும்பாலும் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்கள், மாணவர்கள் ஆகியோரின் குழந்தைகள். 2018-ஆம் ஆண்டில் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹோனன் குவான் ஆகிய மூவர், பல்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைக் கொண்டு இதை மறுபடி ஆராய்ந்தனர். பொறுமைக்கும் 15-ஆம் வயதில் பெற்ற கல்வித் தேர்ச்சிக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது முன்பு சொல்லப்பட்டதில் பாதி அளவே. குடும்ப நிலை, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்ப அறிவுத் திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. இனிப்பைத் தின்றுவிட்ட குழந்தையைக் குறித்து நாம் செய்துகொண்ட தீர்ப்பில் பெரும்பகுதி அதன் வீட்டைப் பற்றியதே தவிர, அதன் மனவுறுதியைப் பற்றியதன்று.

இந்த மறு ஆராய்ச்சி வெளியான பத்திரிகையின் பெயர் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்'. அதை நடத்துவது மனோதத்துவப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் அங்கம் வகிக்கும் ஒரு சங்கம். சென்ற பல ஆண்டுகளாக அச்சங்கம் செய்துவரும் வேலை பெரும்பாலும் நம் பள்ளிக்கூடங்களின் வாசல்வரை வந்து சேர்வதில்லை. ஆசிரியர்களும் கள ஊழியர்களும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை மட்டும் இங்கே தருகிறோம்.

சங்கம் பிறந்த கதை

அமெரிக்காவில் மனோதத்துவ நிபுணர்களின் முதற் சங்கம் 1892-இல் ஸ்டான்லி ஹால் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. அதை அமெரிக்க மனோதத்துவக் கழகம் என்று குறிப்பிடுவோம். தொடக்கத்தில் அது சிறியதொரு பேராசிரியர் கூட்டமாகவே இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு நிலைமை மாறிற்று. மனநோய் சிகிச்சையைத் தொழிலாகக் கொண்டோர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். தொழில் உரிமம், மருத்துவக் காப்பீடு போன்ற பிரச்சினைகள் முன்னணிக்கு வந்தன. ஆய்வுக்கூடத்திலும் வகுப்பறையிலும் காலம் கழிப்போர் தங்கள் குரல் எடுபடவில்லை என்று குறைப்பட்டனர். இரு சாராருக்கும் இடம் கொடுக்கும் புனரமைப்புத் திட்டம் ஒன்று 1988-இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் தோல்வியுற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி ஆராய்ச்சியாளர்கள் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். முதலில் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் என்று பெயர் பெற்ற அது, 2006-இல் மனோதத்துவ விஞ்ஞானச் சங்கம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. 'அமெரிக்க' என்ற சொல்லை நீக்கிய காரணம், உறுப்பினர்கள் பல நாட்டவர் என்பதே.

ஆண்டுதோறும் மகாநாடு கூட்டுதல், பரிசு வழங்குதல், பத்திரிகை நடத்துதல் ஆகியவை எந்தச் சங்கமும் செய்பவைதாம். அவற்றை விரித்துரைப்பதால் பயனில்லை. இச்சங்கத்தைக் குறித்து எழுதத் தூண்டியது, தன் வீட்டிலேயே குற்றம் இருப்பதாகத் தோன்றியபோது அது செய்த காரியமே.

பாட்டுக் கேட்டால் வயது குறையுமா?

2011-ஆம் ஆண்டில் மேற்சொன்ன பத்திரிகையில் ஒரு விசித்திரமான கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் என்னும் மூவர். அவர்கள் மாணவர்களில் சிலருக்குப் பீட்டில்ஸ் குழுவினர் 64 வயதைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்றையும், மற்றவர்களுக்கு வேறொரு இசையையும் கேட்கச் செய்தனர். பிறகு ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் தந்தையின் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டனர். கணக்கிட்டுப் பார்க்கையில், முதல் பாட்டைக் கேட்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டனர்! புள்ளியியல் முறைப்படி முடிவு பழுதற்றதாகவே தோன்றிற்று.

பாட்டு யாருடைய வயதையும் குறைக்காது என்பதை அம்மூவரும் நன்கறிவர். பொய்யான முடிவை மெய்போல் காட்டுவது எவ்வளவு எளிது என்பதை நிரூபிக்கவே அவ்வாறு செய்தனர். பல விவரங்களைச் சேகரித்துக்கொண்டு அனுகூலமானதை மட்டும் வெளியிடுதல், விரும்பிய விடை வரும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போதல், விடை வந்தவுடன் நிறுத்திக்கொள்ளுதல் ஆகியவையே அவர்கள் கையாண்ட தந்திரங்கள். இவற்றைச் செய்பவர் பொய்யர் என்று சொல்வதற்கில்லை. கிராமத்தில் விசாரணைப் படிவங்களை நிரப்பிக்கொண்டு திரும்பும் ஊழியர், "இன்னும் பத்து வீடு பார்த்தால் நன்றாக வரும்" என்று எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் எவ்வளவு இயல்பானதோ, அவ்வளவு ஆபத்தானது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஐயம் உறுதிப்பட்டது. மூன்று முக்கியப் பத்திரிகைகளில் 2008-இல் வெளியான 100 ஆராய்ச்சிகளை ஏராளமான விஞ்ஞானிகள் ஒன்றுகூடி மறுபடி செய்து பார்த்தனர். அவற்றில் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' பத்திரிகையும் ஒன்று. மூல ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு 97 புள்ளியியல் சோதனையில் தேறியவை. மறுபடி செய்தபோது தேறியவை நூற்றுக்கு 36 மட்டுமே. இந்த அறிக்கை 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'சயின்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று.

சங்கம் மேற்கொண்ட பரிகாரம்

சங்கம் இதற்குக் காத்திராமல் 2013-லேயே ஒரு முறையை ஏற்படுத்தியிருந்தது. புகழ்பெற்ற ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது, எதை அளப்பது, எப்படிக் கணக்கிடுவது என்பவற்றை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை முதலில் செய்தவரையும் கலந்துகொள்ள வேண்டும். பிறகு பல ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் அதைச் செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் சங்கத்தின் பத்திரிகை வெளியிடும் என்று முன்னதாகவே உறுதி தரப்பட்டது. இந்தக் கடைசி விதியே முக்கியமானது. 'வித்தியாசம் ஒன்றும் காணவில்லை' என்று எழுதும் கட்டுரைக்கு அதுவரை பத்திரிகைகளில் இடம் கிடைப்பது அரிது.

முதன்முதலில் எடுத்துக்கொண்டது 1990-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பரிசோதனை. வங்கிக் கொள்ளை ஒன்றைப் படமாகப் பார்த்தவர்களில் சிலரைக் கொள்ளைக்காரனின் முகத்தைச் சொற்களால் வருணிக்கும்படி கேட்டனர். வருணித்தவர்களே பின்னர் அவனை அடையாளம் காட்டுவதில் அதிகமாகத் தவறினர் என்பது பழைய முடிவு. 2014-இல் 31 ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்தபோது வித்தியாசம் நூற்றுக்கு 4 என்ற அளவிலேயே இருந்தது. காரணம் விரைவில் விளங்கிற்று. இம்முறை படம் முடிந்தவுடனேயே வருணிக்கச் சொல்லியிருந்தனர். 20 நிமிடம் கழித்து, அதாவது அடையாளம் காட்டுவதற்குச் சற்று முன்பாக, வருணிக்கச் செய்து 22 ஆய்வுக்கூடங்கள் மறுபடி பார்த்தன. அப்போது வித்தியாசம் நூற்றுக்கு 16 ஆயிற்று. பழைய முடிவு பொய்யன்று. எப்பொழுது கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாட்சிகளிடம் விவரம் கேட்கும் கடமையுள்ளவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

மற்றவை இவ்வளவு நல்ல கதி அடையவில்லை. பேனாவைப் பற்களால் கவ்விக்கொண்டால் முகம் சிரிப்பது போலாகும், அந்நிலையில் பார்க்கும் வேடிக்கைச் சித்திரம் அதிக வேடிக்கையாகத் தோன்றும் என்ற 1988-ஆம் ஆண்டு முடிவை 17 ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. 2016-இல் வெளியான விடை, ஏறத்தாழப் பூஜ்யம். ஆயினும் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. 19 நாடுகளில் சுமார் 3,900 பேரைக் கொண்டு செய்து 2022-இல் வெளியிட்ட வேறொரு கூட்டாராய்ச்சி, சிரிக்கும் முகத்தைப் பார்த்துத் தாமும் அவ்வாறே செய்தால் மகிழ்ச்சி சிறிது கூடுகிறது என்று கண்டது. பேனாவுக்குத்தான் தெளிவான சாட்சியம் கிடைக்கவில்லை. மனவுறுதி என்பது செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துபோகும் பொருள் என்ற கொள்கையும் 2016-லேயே 23 ஆய்வுக்கூடங்களின் சோதனைக்கு உட்பட்டது. 2,141 பேரிடம் கண்ட விளைவு மிகமிக அற்பமே. தன் கொள்கை ஆட்டங்காணும்போது மனம் புண்படாத விஞ்ஞானி இல்லை. இவ்விரு விவகாரங்களிலும் கசப்பான வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்தன. அவையும் அச்சிடப்பட்டன என்பதைச் சங்கத்தின் பெருமைக்குரிய செய்தியாகவே கருதுகிறோம்.

இன்னொரு சிறிய ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. தம் மூல விவரங்களை யாவரும் பார்க்கும்படி திறந்து வைக்கும் ஆசிரியர்களின் கட்டுரையில் ஒரு முத்திரை பொறிக்கும் வழக்கத்தை 2014-இல் அப்பத்திரிகை தொடங்கிற்று. அதற்கு முன் விவரங்களைத் திறந்து வைத்தவை நூற்றுக்கு 3 கட்டுரைகள்கூட இல்லை. 2015-இன் முற்பாதியில் அது 39 ஆயிற்று. ஒரு சிறு முத்திரைக்கு இத்தனை சக்தி இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்பறைக்கு வேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் இக்கட்டுரையாளர் கலந்துகொள்ள நேர்ந்தது. அங்கே வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மாணவர்களைக் 'கண்ணால் கற்பவர்', 'காதால் கற்பவர்', 'கையால் கற்பவர்' என்று மூன்று ஜாதிகளாகப் பிரிக்கக் கற்பித்தனர். ஓர் ஆசிரியை, தம் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே இந்தக் குறியை எழுதி வைத்திருப்பதாகப் பெருமையுடன் சொன்னார். அப்பொழுது கைதட்டியவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர்.

மனோதத்துவ விஞ்ஞானச் சங்கம் பொதுமக்களின் நன்மைக்கென்று தனிப் பத்திரிகை ஒன்று வெளியிடுகிறது. நிபுணர் குழு ஒன்று ஒரு விஷயத்தைப் பற்றி அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி மதிப்பிட்டு எழுதுவதே அதன் நோக்கம். 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் முதலிய நால்வர் இந்த மூவகைப் பிரிவினை போன்ற கொள்கைகளை ஆராய்ந்தனர். அவர்கள் கேட்ட கேள்வி நேர்மையானது. கண்ணால் கற்பவருக்குப் படமும் காதால் கற்பவருக்குச் சொற்பொழிவும் ஏற்றவை என்றால், இரு வகையினரையும் கலந்து பிரித்து இரு முறையிலும் கற்பித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குரிய முறையில்தான் மேலாகத் தேற வேண்டும். அவ்வாறு சோதித்த ஆராய்ச்சிகள் மிகச் சில. அவற்றிலும் பல, கொள்கைக்கு மாறாகவே இருந்தன. மாணவர்களுக்குள் விருப்ப வேறுபாடு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அதைக் கொண்டு பாடமுறையை வகுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றனர்.

2013-இல் ஜான் டன்லாஸ்கியும் மற்றும் நால்வரும் அதே பத்திரிகையில் பத்துவிதப் படிப்பு முறைகளை மதிப்பிட்டனர். புத்தகத்தில் கோடிடுதல், திரும்பத் திரும்ப வாசித்தல் ஆகிய, நம் மாணவர்கள் மிகுதியும் நம்பியிருக்கும் இரண்டும் குறைந்த பயனுடையவை என்று முடிவாயிற்று. முதலிடம் பெற்றவை தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளுதலும், படிப்பைப் பல நாட்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளுதலும் ஆகும்.

இவற்றுள் முதலாவதற்கு ஆதாரமான பரிசோதனைகளில் ஒன்று, ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்து 2006-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டது. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தனர். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தனர்; மறு சாரார் புத்தகத்தைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்ததில் மறுபடி படித்தவர்கள் நூற்றுக்கு 81 பகுதியையும், எழுதியவர்கள் 75 பகுதியையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்களிடம் 42-ம் எழுதியவர்களிடம் 56-ம் எஞ்சி நின்றன. பரீட்சைக்கு முந்திய இரவில் உரத்து வாசிக்கும் மாணவன் தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்புவதன் காரணம் இந்த ஐந்து நிமிடக் கணக்கில் இருக்கிறது.

நமது நாட்டு நிலை

மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்யப்பட்டவை என்பதை மறைப்பதற்கில்லை. இந்தியாவில் மனோதத்துவக் கல்வி புதிதன்று. கல்கத்தா, மைசூர்ப் பல்கலைக் கழகங்களில் நூறாண்டுக்கு முன்பே அதற்குத் துறைகள் ஏற்பட்டன. நரேந்திரநாத் சென்குப்தா போன்றோரின் முயற்சியால் 1920-களிலேயே இந்திய மனோதத்துவச் சங்கமும் தோன்றிற்று. ஆயினும் தமிழில் பாடம் படிக்கும் ஒரு கிராமப் பள்ளி மாணவனிடம் இம்முடிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அவனை வைத்தே பார்க்க வேண்டும்.

அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு வகுப்பைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரே நேரம் படிக்கச் செய்யலாம். பின்னர் ஒரு பாதியினர் மறுபடி படிக்கட்டும். மறு பாதியினர் புத்தகத்தை மூடி எழுதட்டும். அன்றே சோதிக்காமல் ஏழு நாள் பொறுத்துச் சோதிக்க வேண்டும். எத்தனை கேள்வி, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை மாற்றலாகாது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எந்தத் தாள் எந்தப் பாதியினருடையது என்பது தெரியாதிருத்தல் நன்று. அடுத்த வாரம் வேறொரு பாடத்தில் இரு பாதியினரையும் மாற்றிவைத்தால் ஒரு சாராருக்கு அநியாயம் நேராது. வித்தியாசம் தோன்றாவிட்டால் அதையும் எண்களோடு குறித்து வைக்க வேண்டும்.