காளான் மாத்திரையும் கல்லீரலும்

அண்மையில் என்னிடம் சிகிச்சைக்கு வந்த நடுத்தர வயதுடைய ஒருவர், பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து மேசைமீது வைத்தார். கல்லீரலைக் காக்கும் ரெய்ஷி காளான் என்று அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. "ஆறு மாதமாக விடாமல் சாப்பிடுகிறேன், டாக்டர்" என்றார். மதுவை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். "நிறுத்த முடியவில்லை, அதனால்தானே இதைச் சாப்பிடுகிறேன்" என்றார். அவர் கண்களில் மஞ்சள் படர்ந்திருந்தது.

இந்தக் காளானை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. சீனத்தில் லிங்ஷி என்றும் ஜப்பானில் ரெய்ஷி என்றும் அழைக்கப்படும் இது, பல நூற்றாண்டுகளாக அங்கு மருந்தாகப் பயன்பட்டு வருகிறது. பீட்டா குளுக்கான் என்னும் கூட்டுச் சர்க்கரைகளும், கசப்புத் தன்மை கொண்ட கானோடெரிக் அமிலங்களும் இதிலுள்ள முக்கியமான வேதிப்பொருள்கள்.

குடிக்கும் மதுவின் பெரும்பகுதியைச் சிதைக்கும் பொறுப்பு கல்லீரலுக்கே உரியது. அப்போது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் உருவாகிறது. தொடர்ந்து அதிகமாகக் குடிப்போரின் கல்லீரலில், செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன; அவற்றைத் தணிக்கும் குளூட்டாதயோனின் அளவு குறைகிறது. மது குடற்சுவரையும் பழுதாக்குவதால், குடல் பாக்டீரியாக்களின் நச்சு கல்லீரலுக்குக் கசிந்து அழற்சியைத் தூண்டுகிறது. கல்லீரலில் முதலில் கொழுப்பு படிகிறது, அடுத்து அழற்சி, இறுதியில் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ்.

மது கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் காளான் சாற்றையும் அளித்த ஆய்வுகளில், இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் உயர்வு மட்டுப்பட்டது, குளூட்டாதயோன் காக்கப்பட்டது, கொழுப்பு படிவதும் குறைந்தது. நம்பிக்கையூட்டும் முடிவுகள்தாம். ஆனால், ஆய்வுக்கூட எலிக்குச் சில வாரங்கள் மட்டும் மது தரப்படுகிறது. பெரும்பாலும் அதற்கு முன்பாகவோ அதனுடனோ, அளவிடப்பட்ட சாறும் தரப்படுகிறது. என் முன் அமர்ந்திருந்தவரோ பதினைந்து ஆண்டுகளாகக் குடிப்பவர். மேலும், உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் மாத்திரை, ஒரு மருந்தைப் போலத் தன் பலனை மனிதர்களிடம் நிரூபித்துவிட்டுக் கடைக்கு வருவதில்லை.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்றும் சொல்லிவிட முடியாது. லிங்ஷி பொடியை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக ஹாங்காங் மருத்துவர்கள் 2004-இல் பதிவுசெய்தனர். தாய்லாந்தில் ஓர் உயிரிழப்பே 2007-இல் பதிவானது. இவை அரிதானவையே. எனினும், ஏற்கெனவே நலிந்துள்ள கல்லீரலைக் கொண்டு இந்தச் சோதனையில் இறங்குவது அறிவுடைமையாகாது.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது, இந்த மாத்திரை தரும் துணிச்சல். பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பிலேயே ஒருவர் இன்னும் ஓராண்டு குடித்துவிடுகிறார். தழும்பு ஆழமாவது அந்த ஓராண்டில்தான்.

மதுவை அறவே நிறுத்துவதற்கு இணையான கல்லீரல் மருந்து இன்றுவரை இல்லை. கொழுப்பு படிந்த நிலையிலேயே நிறுத்தினால் சில வாரங்களில் கல்லீரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். சிரோசிஸ் வந்த பிறகு நிறுத்தினாலும் ஆயுள் நீளும். ஆனால், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென்று தாமாகவே நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்படக்கூடும். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அவரிடம் மாத்திரையையும் மதுவையும் சேர்த்தே நிறுத்தச் சொன்னேன், மருத்துவமனையிலேயே அனுமதித்தோம். கல்லீரலைக் காக்கும் மருந்து காளானிலிருந்து ஒருநாள் கிடைக்கலாம், கிடைத்தால் மகிழ்வேன். அதுவரை, குடிப்பவரின் மேசையில் இத்தகைய குப்பியைக் காணும் குடும்பத்தினர் நிம்மதியடைய வேண்டாம். தன் கல்லீரல் கெடுகிறது என்பதை அவர் உணர்ந்துவிட்டார் என்பதற்கான அடையாளம் அது. அவரை மருத்துவரிடம் அழைத்துவர அதுவே ஏற்ற தருணம்.