தோண்டிப் போட்ட சாலையில் தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் வரும்?

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்தது. அணைப்பதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது. கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. பிறகு அதே வட்டாரத்தில், தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை மேம்பாலம் கட்டி 2025 செப்டம்பரில் திறந்தார்கள். வேலை நடந்த காலத்தில் சாலையின் ஒரு பகுதி தடுப்புகளுக்குள் போனது, போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் அப்படியொரு தீ பிடித்திருந்தால் வண்டிகள் எங்கே நுழைந்து எங்கே நின்றிருக்கும்? பள்ளம் வெட்டும் முன்பே இதற்குக் காகிதத்தில் விடை இருக்க வேண்டும்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போக்குவரத்து மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி.55 வழிகாட்டி சொல்கிறது. மாற்றுப்பாதையின் அகலம் என்ன, தீயணைப்பு நிலையத்துக்கும் 108 சேவைக்கும் முன்கூட்டியே தகவல் போனதா என்று கேட்பது உங்கள் உரிமை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, அந்தத் தகவலை அனுப்பிய கடிதத்தின் நகலையே கேளுங்கள். வழக்கமான கெடு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். அதிகாரிகள் இந்த 48 மணி நேரத்தை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் பள்ளத்துக்கு அப்பால் படுக்கையில் இருக்கும் நோயாளியைப் பற்றி மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

வெளியே தெரியாத ஆபத்து மண்ணுக்கடியில் இருக்கிறது. ஜே.சி.பி.யின் பல் எரிவாயுக் குழாயில் பட்டால் ஒரு பொறி போதும். தோண்டும் முன் குழாய், கேபிள் நிறுவனங்களுக்குத் தகவல் தரவென்றே ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. ஒப்பந்ததாரர் அதில் பதிந்தாரா என்றும் கேட்கலாம். குழாய் எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போய்விடும். சிலிண்டர் வாயு கனமானது. டீக்கடையில் கசிந்தாலும் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். காற்று வரும் திசையை நோக்கி விலகிப்போய், அங்கிருந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள். எந்த முனை திறந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். வழிகாட்ட ஒருவர் அந்த முனையில் நிற்கட்டும்.

மண்மேடும் ஜல்லியும் வழியை அடைத்தால், அகற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியருக்கு உண்டு. அவருக்குக் கொடுக்கும் மனுவோடு தேதி தெரியும் படங்களை இணையுங்கள்.

தண்டனையைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194இ-யின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாப்புத் தரத்தை மீறி உயிர்ச்சேதத்துக்குக் காரணமான ஒப்பந்ததாரருக்கோ அதிகாரிக்கோ 198ஏ-யின்படி ஒரு லட்சம் வரை அபராதம் மட்டுமே. அந்தப் பணமும் குடும்பத்தின் கைக்கு நேராக வராது, அரசின் நிதிக்குப் போகும். இழப்பீடு வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் தனியே ரிட் மனு போடலாம். முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு அங்கே சாட்சியாகும்.