பள்ளி மடிக்கணினியும் வீட்டுக் கணினியும்: கோப்புகள் பழுதின்றிப் போய்வர

தேர்வுக்கான வினாத்தாளை இரவில் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து, காலையில் பள்ளி மடிக்கணினியில் திறந்து அச்செடுப்பது ஆசிரியர்கள் பலரின் வழக்கம். அப்படித் திறக்கும்போது எழுத்துகள் உருமாறிக் கிடக்கலாம். நேற்று திருத்திய கோப்புக்குப் பதிலாக முந்தைய வாரப் பிரதி திறக்கலாம். பென்டிரைவோடு வைரஸும் வந்து சேரலாம். இவை உடனே தெரிந்துவிடும். மாணவரின் சொந்த விவரங்கள் வீட்டுக் கணினியில் தங்கிவிட்டால் அது யாருக்கும் தெரியாது. சில எளிய பழக்கங்கள் இந்த நான்கையும் தவிர்க்க உதவும்.

எழுத்து ஏன் உடைகிறது?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுபவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றைத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படியே ஆங்கிலமாகத் தோன்றும்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் உண்டு. அதனால் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே திறக்கும். இதில் கோவைக்கு ஒரு தனி இடம் உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இங்கு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அதே மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரக் குறியீடுகளில் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே புதிய கோப்புகளை ஒருங்குறியிலேயே தொடங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாக வழங்குகிறது. பழைய கோப்புகளை என்.எச்.எம். மாற்றி போன்ற இலவச மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்குப் போகும் வினாத்தாளைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். அதில் எழுத்துருவும் பக்க அமைப்பும் கோப்போடு சேர்ந்தே பயணிக்கும்.

மூலப்பிரதி ஒன்றுதான்

‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்ற பெயர்களில் இரண்டு கணினிகளிலும் பிரதிகள் கிடந்தால் எது சரியானது என்று ஒரு மாதம் கழித்து நமக்கே தெரியாது. ஒரு கோப்புக்கு ஓர் இடத்தை மூலமாக முடிவு செய்யுங்கள். திருத்தம் அங்கு மட்டுமே நடக்கட்டும். பெயரில் வகுப்பு, பாடம், அலகு, தேதி ஆகியவை இருக்கட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் கால வரிசையில் தாமே அடுக்கப்படும்.

பென்டிரைவில் உள்ள கோப்பை அங்கேயே திறந்து திருத்த வேண்டாம். கணினிக்கு நகலெடுத்து, வேலையை முடித்து, மீண்டும் பென்டிரைவில் ஏற்றுங்கள். பிறகு பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்தே அதைக் கழற்றுங்கள். திரையில் வேலை முடிந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே எழுதும் பணி சில நொடிகள் தொடரலாம். இடையில் பிடுங்கினால் கோப்பு பழுதாகும்.

எந்த வழி ஏற்றது?

இணையம் சீராகக் கிடைக்கும் இடத்தில் கூகுள் டிரைவ் வசதியானது. 15 ஜிபி வரை இலவசம். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கோப்பையே திறப்பதால் பிரதிக் குழப்பம் இல்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் வால்பாறை, தாளவாடி போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. அங்கு பென்டிரைவே துணை. ‘ஃபேட் 32’ அமைப்பில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. நீண்ட காணொலிகளுக்கு ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பை மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முதலில் நகலெடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதன் தெளிவு குறையும். ‘ஆவணம்’ என்ற தெரிவில் அனுப்பினால் குறையாது.

வைரஸ் வரும் பாதை

2008 இறுதியில் உலகெங்கும் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. அந்தப் பாதை இன்னும் அடைபடவில்லை. பென்டிரைவில் உங்கள் கோப்புறைகள் திடீரென ‘ஷார்ட்கட்’ ஆக மாறியிருந்தால் அவற்றைச் சொடுக்காதீர்கள். முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதியுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுசெல்ல ஒரு தனிப் பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும்.

எது வீட்டுக்கு வரக்கூடாது?

பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், காணொலி ஆகியவை எந்த வழியிலும் போகலாம். மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதி விவரம், பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவை அப்படியல்ல. வீட்டுக் கணினியைக் குடும்பத்தில் பலரும் பயன்படுத்துவார்கள். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் தவறவிட்ட பென்டிரைவ் யார் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. நம்மை நம்பித்தான் பெற்றோர் இந்த விவரங்களைத் தருகிறார்கள்.

எமிஸ் பணியை வீட்டில் செய்ய நேர்ந்தால் தளத்திலேயே முடித்து வெளியேறுங்கள். கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்க வேண்டாம். பட்டியலைப் பதிவிறக்கியிருந்தால் வேலை முடிந்ததும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழைய வினாத்தாள்களில் பத்தையாவது ஒருங்குறிக்கு மாற்றி, பள்ளிக் கணினியில் பாடவாரியாக அடுக்கிவையுங்கள். பணிமாறுதலில் நாம் வேறு ஊருக்குப் போனாலும், அடுத்து வரும் ஆசிரியரால் அவற்றைத் திறந்து படிக்க முடியும்.