மத்தியும் மிளகும்

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில், காயலை ஒட்டி நிற்கும் பழைய பண்டகசாலைகளுக்கு ஐசுவரியத்தைத் தேடித் தந்தவை மிளகும் சுக்குமேயாயினும், அவ்வூர் ஜனங்களில் பெரும்பாலோரின் தேகத்தைப் போஷித்து வந்த பெருமை, எளியவர் வீட்டு அடுப்பில் வேகும் மத்தி மீனுக்கும் சிவந்த புழுங்கலரிசிக்குமே உரியது.

கண்ணுக்கு இன்ன காய், இருதயத்துக்கு இன்ன பருப்பு என்று அவயவந்தோறும் ஓர் ஆகாரத்தை ஒதுக்கிக் கூறுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. சாளை என்றும் வழங்கும் மத்தியோ அந்தப் பங்கீட்டுக்குள் அடங்குவதில்லை. அதன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அமிலங்களுள் டி.எச்.ஏ. என்பது மூளைக்கும் விழித்திரைக்கும் கட்டுமானப் பொருளாகிறது, ஈ.பி.ஏ. என்பது இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகாமல் காக்கத் துணைபுரிகிறது. மெல்லிய முள்ளோடு மென்று உண்பவருக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தை, அம்மீனிலேயே உள்ள வைட்டமின் டி குடல் கிரகிக்கும்படி செய்து எலும்புக்கு உதவுகிறது. அயோடினோ கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பிக்குப் போய்ச் சேருகிறது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் ஊறிவிடுவதால், தீட்டிய பின்னும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது. இச்சத்து குன்றினால் நரம்பும் இருதயமும் தளர்ந்து பெரிபெரி என்னும் வியாதி உண்டாகும். தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் அதனையொத்த நோயால் கால் தளர்ந்ததை ஜாவாவில் கண்ட எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், 1929-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகின் தொண்டு வேறு விதமானது. மஞ்சளிலுள்ள குர்குமினைத் தனியே உண்டால், குடலும் ஈரலும் அதனை உருமாற்றி விரைவில் வெளியேற்றிவிடும். மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடம்பில் சேரும் குர்குமின் ஏறத்தாழ 20 மடங்காயிற்று என்று 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். குழம்பில் விழும் சிட்டிகைக்கு அத்தனை பலனை எதிர்பார்த்தல் தகாது. எனினும் ஒரு சத்து மற்றொன்றின் துணையாலேயே சித்திபெறுகிறது என்பது இதனால் விளங்கும். முருங்கைக்கீரையின் கரோட்டினும் தேங்காயெண்ணெய் போன்ற ஒரு கொழுப்போடு சேர்ந்தே குடலைக் கடந்து, வைட்டமின் ஏ ஆகி, ஈரலில் தங்கிப் பின்னர்க் கண்ணை அடைகிறது.

ஆதலின், வாரம் இருமுறை மத்தியைப் பொரிக்காமல் குடம்புளியிட்டுக் குழம்பாக்கி உண்பவரும், மீனைத் தொடாமல் பருப்பும் பாலும் கீரையும் கலந்து உண்ணும் மட்டாஞ்சேரிக் குஜராத்திச் சமணரும், ஓர் அவயவத்துக்கென்று தனியே மருந்துப்பொடி தேடி அலைவாரைக் காட்டிலும் சரியான மார்க்கத்தில் செல்பவரே ஆவர்.