டொரண்டோ ஏரிக்கரை கற்பித்த பாடம்

ஒரு திட்டத்தால் யாருடைய வாழ்க்கை மாறுமோ, அவர்களே அதை வடிவமைப்பதில் இடம்பெறுவது பங்கேற்பு வடிவமைப்பு. அரசுச் செயலிகளிலும் ஸ்மார்ட் சிட்டித் திட்டங்களிலும் இன்று இம்முறை பரவலாகப் பேசப்படுகிறது. கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டுவிட்டால் மட்டும் அது பங்கேற்பு ஆகிவிடாது என்பதற்குக் கனடாவின் டொரண்டோ நகரில் கைவிடப்பட்ட கீசைடு திட்டம் சான்று.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள 12 ஏக்கர் நிலம் கீசைடு. கூட்டாட்சி, மாகாண, மாநகர அரசுகள் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ‘வாட்டர்ஃபிரண்ட் டொரண்டோ’ அமைப்பு, அங்கே புதிய குடியிருப்புப் பகுதியைத் திட்டமிட 2017 அக்டோபரில் ‘சைட்வாக் லேப்ஸ்’ நிறுவனத்தைத் தேர்வு செய்தது. அது கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைச் சேர்ந்தது. மரத்தால் ஆன உயரக் கட்டடங்கள், பனியை உருக்கும் நடைபாதைகள், தெருவின் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் சென்சார்கள் என்று திட்டம் விரிந்தது.

மக்களிடம் கருத்துக் கேட்பதில் குறை வைக்கவில்லை. பொதுக்கூட்டங்கள், வட்டமேசைச் சந்திப்புகள், குடிமக்கள் குழு எல்லாம் நடந்தன. ஆனால் பேச்சு பெரும்பாலும் தெருவும் கட்டடமும் எப்படி அமைய வேண்டும் என்பதைச் சுற்றியே இருந்தது. திரட்டப்படும் தரவு யாருக்குச் சொந்தம், நிறுவனத்துக்கு வருவாய் எந்த வழியில் வரும் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

அதனால் நம்பிக்கை தளர்ந்தது. ஒன்ராறியோவின் முன்னாள் தனியுரிமை ஆணையரும் திட்டத்தின் ஆலோசகருமான ஆன் கவூக்கியன் 2018 அக்டோபரில் விலகினார். தரவைத் திரட்டும் இடத்திலேயே ஆள் அடையாளத்தை நீக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு; மற்ற நிறுவனங்களையும் அதற்குக் கட்டுப்படுத்த உறுதி கிடைக்கவில்லை. வருங்காலச் சொத்து வரியில் நிறுவனம் பங்கு கேட்கும் எண்ணம் 2019 பிப்ரவரியில் பத்திரிகை வழியாகவே மக்களுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் வெளியான 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருந்திட்டம், 12 ஏக்கரைத் தாண்டி 190 ஏக்கர் வரை கண் வைத்தது. எதிர்ப்பு வலுத்தபின் அக்டோபரில் எல்லை மீண்டும் 12 ஏக்கராகச் சுருக்கப்பட்டது. 2020 மே மாதம், கொரோனா காலப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் காட்டி நிறுவனம் வெளியேறியது.

இதிலிருந்து பெறும் பாடங்கள் மூன்று. தரவு விதிகளைப் பொது அமைப்பே முதலில் வகுத்து, பிறகுதான் நிறுவனத்தைத் தேட வேண்டும். நிலம், வரி, வருவாய் பற்றிய நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே மக்கள் முன் வைக்க வேண்டும். “இது வேண்டாம்” என்று மக்கள் சொன்னால் எது மாறும் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அதே நிலத்துக்கு 2022இல் வேறு நிறுவனங்கள் தேர்வாயின. புதிய திட்டம் முன்னிறுத்தியது சென்சார்களை அல்ல. 800க்கும் மேற்பட்ட கட்டுப்படியான விலை வீடுகளையும் மரங்கள் அடர்ந்த பசுமைப் பகுதியையும்தான்.